சிப்பாய் கோட்டின் பேட்டர்ன் யாருக்குச் சொந்தம், அதற்கு என்ன விலை?

கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். காட்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறீர்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கும் குறும்படத்துக்கும் பழைய காலத்து உடைகள் தைத்துத் தருகிறீர்கள். 1806 வேலூர்ப் புரட்சி நாடகத்துக்கான சிப்பாய் கோட்டு, தலைப்பாகை ஒன்று. ஆற்காட்டு நவாப் போடும் ஜாமா என்ற நீண்ட அங்கி இன்னொன்று. இரண்டுக்கும் நீங்களே வரைந்து, வெட்டி, திருத்திய பேட்டர்ன், அதாவது துணி வெட்ட வைக்கும் அளவுத் தாள், கையில் இருக்கிறது. வெளியூரில் நாடக உடை வாடகைக்கு விடும் ஒரு கடைக்காரர் ‘இரண்டு பேட்டர்னையும் கொடுத்துவிடுங்கள், 5,000 ரூபாய் தருகிறேன்’ என்கிறார். உள்ளூரில் ஒரு டெய்லர் ஏற்கெனவே உங்கள் கோட்டைப் பார்த்து அதே மாதிரி தைத்துவிட்டார். ‘இதைப் பதிவு செய்ய முடியுமா, எவ்வளவு கேட்கலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: தாளை அவர் கையில் கொடுத்த பிறகும் அது என்னுடையதாக இருக்குமா? அது தெரியாமல் விலை சொல்ல முடியாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒன்று, நான் வக்கீல் இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) பேட்டர்ன் வெட்டி, அப்புறம் துணிப் பக்கம் வந்தவன். அந்தத் தொழிலில் பேட்டர்னுக்காக நடக்கும் ஒப்பந்தச் சண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் இருப்பது எது, தொழிலில் பார்த்தது எது என்று பிரித்தே சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பழைய உடை யாருக்கும் சொந்தமில்லை. கூத்துக்காரர்களின் புஜகீர்த்தியையும் மார்ப்பதக்கத்தையும் ‘என் டிசைன்’ என்று யாரும் சொல்ல முடியாது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் குதிரை மேல் இருப்பவன் என்ன கட்டியிருக்கிறான் என்று பார்த்து நானும் தைக்கலாம், நீங்களும் தைக்கலாம். நவாப் முகமது அலி வாலாஜாவை ஜார்ஜ் வில்லிசன், டில்லி கெட்டில் போன்ற ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். அந்த ஓவியங்களும் இன்று பொதுச் சொத்துதான். ஆனால் ஓவியத்தில் தெரிவது முன்பக்கம் மட்டும். முதுகில் எத்தனை துண்டு, கம்புக்கூட்டில் கை தூக்க இடம் எப்படி விட்டது, இடுப்புக்குக் கீழே அகலத்துக்காக வைக்கும் முக்கோணத் துண்டு, அதாவது கலி எத்தனை, நாடாவை எங்கே மறைத்துக் கட்டியது என்பதெல்லாம் நீங்கள் யோசித்து முடிவு செய்தவை. ஒரு பையன் மேடைக்குப் பின்னால் சட்டென்று உடை மாற்ற வேண்டும் என்பதற்காகப் பக்கவாட்டில் வெல்க்ரோ வைத்திருப்பீர்கள். நவாப் காலத்தில் வெல்க்ரோ ஏது? உங்கள் உரிமை நிற்கும் இடம் இதுதான், ஜாமா என்ற உடையில் இல்லை. அதனால் பேட்டர்ன் தாளிலேயே ‘இது ஓவியத்திலிருந்து’, ‘இது என் ஊகம்’, ‘இது மேடைக்காக நான் மாற்றியது’ என்று எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அந்தக் குறிப்புகள்தான் உங்களுக்காகப் பேசும்.

இனி உறுதியாகச் சொல்லக்கூடியவை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் ‘கலைப் படைப்பு’ என்ற சொல்லுக்குள் வரைபடம், விளக்கப்படம், பிளான் எல்லாம் அடக்கம். அழகாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பிரவுன் ஷீட்டில் நீங்கள் வரைந்த பேட்டர்னும், எப்படித் தைப்பது என்று எழுதிய குறிப்பும் வரைந்த, எழுதிய கணமே பாதுகாப்புக்குள் வந்துவிடும். பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுளும் அதற்கப்புறம் 60 வருடமும் அந்த உரிமை இருக்கும். பாடுபட்டு அளவெடுத்தேன் என்பது மட்டும் போதாது, கொஞ்சமாவது சொந்த யோசனை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொன்னது. முதுகுத் துண்டு பற்றி அத்தனை விவரமாகச் சொன்னது அதற்காகத்தான். உங்கள் தாளை ஜெராக்ஸ் எடுத்தோ, பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டோ விற்றால் அது மீறல். இதில் சந்தேகமில்லை.

பலருக்குத் தெரியாத பள்ளம் ஒன்று இதே சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 15(2). டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத் தகுதியுள்ள டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை வைத்து 50 தடவைக்கு மேல் பொருள் செய்துவிட்டால் அதன் மேல் உள்ள பதிப்புரிமை போய்விடும். நீங்களே செய்தாலும் சரி, உங்கள் அனுமதியோடு வேறொருவர் செய்தாலும் சரி. ரித்திகா என்ற உடை நிறுவனம் பிபா என்ற இன்னொரு உடை நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் ரித்திகாவின் கோரிக்கையை ஏற்கவில்லை. மாறாக, உடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் தொடர்ந்த வழக்கில் 2008-இல் அதே நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்தது. அங்கே உடைகளின் எண்ணிக்கை 50-ஐத் தொடவில்லை. ‘நாங்கள் என்ன ஃபேக்டரியா, கையால்தானே தைக்கிறோம்’ என்று நினைக்க வேண்டாம். பிரிவு 15(2) சொல்வது ‘தொழில்முறை’யில் (industrial process) பொருள் செய்வதை; டிசைன் சட்டம் அதைச் சொல்லும்போது கையால் செய்வதையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு பள்ளியில் புரட்சி நாடகத்துக்கு 60 சிப்பாய் கோட்டு ஆர்டர் வந்தால் ஒரே சீசனில் அந்த 50-ஐத் தாண்டிவிடுவீர்கள். எத்தனை கோட்டு தைத்தீர்கள் என்று இப்போதே ஒரு நோட்டில் கணக்கு வையுங்கள். பதிப்புரிமைப் பதிவுக்கான படிவத்திலேயே இந்த எண்ணிக்கையைக் கேட்கிறார்கள்.

அப்படியானால் டிசைனாகவே பதிவு செய்துவிடலாமே என்று தோன்றும். டிசைன் சட்டம், 2000-இன்படி 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்குத்தான், வெட்டும் முறைக்கு இல்லை. அதோடு தோற்றம் புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே உலகில் எங்காவது வெளியாகியிருந்தால் கிடையாது. நீங்கள் இன்ஸ்டாகிராமில் போட்ட படம்கூட அதில் சேரும். யோசித்துப் பாருங்கள், 1806 கோட்டை எவ்வளவு அசலாகத் தைக்கிறீர்களோ அவ்வளவுக்கு அது புதிது இல்லை என்றாகிவிடுகிறது. சரித்திர உடை தைப்பவருக்கு டிசைன் பதிவு பெரும்பாலும் பொருந்தாது என்பது என் கருத்து. பழைய உடையை வைத்து நீங்களே கற்பனையில் புதிதாக ஒன்று செய்தால், அதைப் படம் போடும் முன் பதிவு செய்வது பிரயோஜனம். மீறினவரிடம் அந்தச் சட்டத்தில் அபராதமாக வாங்கக்கூடிய தொகையும் ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 ரூபாய்தான். அதற்கு மேல் வேண்டுமானால் தனியாக நஷ்ட ஈடு வழக்குத்தான் போட வேண்டும்.

இனி சந்தேகமான இடங்கள். அசலான பழைய உடை புதிது இல்லை, ஆகவே பதிவு செய்யவே தகுதியில்லை என்றால், அந்த 50 கணக்கு உங்களுக்கு ஓடுமா, ஓடாதா? இரு பக்கமும் வாதாடலாம். உங்கள் பேட்டர்னை முறையாக வாங்கின ஒருவர் அதை வைத்து 20 கோட்டு தைத்து விற்றால் அது பதிப்புரிமை மீறலா என்பதும் அப்படியே. தட்டையான வரைபடத்தை முப்பரிமாணப் பொருளாக்குவதும் உங்கள் உரிமை என்று சட்டம் ஒரு பக்கம் சொல்கிறது. வெறும் பயன்பாட்டுக்கான பாகமாக இருந்தால் அது மீறல் இல்லை என்று விதிவிலக்கும் கொடுக்கிறது. 2025 ஏப்ரலில் கிரையோகாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வரைபடத்தில் கலை முக்கியமா, பயன்பாடு முக்கியமா என்று பார்க்கும் முறையை வகுத்துக் கொடுத்தது. அது கேஸ் டேங்கர் வரைபடங்களைப் பற்றியது. அந்த அளவுகோலைப் பேட்டர்ன் மேல் வைத்தால் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று பேட்டர்ன் மேல் அச்சடித்தால் போதும் என்று நம்பாதீர்கள். வாங்குபவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தம், அவரைக் கட்டுப்படுத்தும். சும்மா அச்சடித்த வரிக்கு அத்தனை பலம் இல்லை.

ஷூ கம்பெனியில் பேட்டர்ன் அறைக்குப் பூட்டு உண்டு. கட்டிங் தளத்துக்கு அன்றைக்கு என்ன ஆர்டரோ அதற்கான அட்டை மட்டும் போகும், ஷிப்ட் முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குவார்கள். வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை, பூட்டும் ஒப்பந்தமும்தான். உங்கள் கடையிலும் இதைச் செய்யலாம். மாஸ்டர் பேட்டர்ன் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். வேலைக்கு வரும் பெண்களுக்கு வெட்டிய துணியைக் கொடுங்கள், தாளைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தாளிலும் பெயர், தேதி, எத்தனையாவது திருத்தம் என்று எழுதி, இன்ச் டேப்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து உங்களுக்கே மெயில் போட்டுக்கொள்ளுங்கள். தபாலில் உங்களுக்கே கவர் அனுப்பி உடைக்காமல் வைப்பது பெரிய சாட்சி ஆகாது. பதிவு வேண்டும் என்றால் ஒரு கலைப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டி ஆன்லைனில் செய்யலாம். பொருளோடு பயன்படும் படைப்பு என்று எடுத்துக்கொண்டால் கட்டணம் 2,000. பேட்டர்னையும் தையல் குறிப்பையும் சேர்த்து ஒரு சிறு புத்தகமாக்கினால் இன்னும் நல்லது, ஏனென்றால் எழுத்தைக் காப்பியடித்தால் 50 கணக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இன்னொரு பழைய வித்தை உண்டு. உடையின் தோற்றம் கெடாத இடத்தில் தேவையில்லாத ஒரு அடையாளத்தை வையுங்கள். கைத் துண்டில் வழக்கமில்லாத இடத்தில் ஒரு நாட்ச் (சிறு வெட்டுக்குறி), உள் ஓரத்தில் காலே அரைக்கால் இன்ச் கூடுதல், இப்படி ஏதாவது. காப்பியடிப்பவர் அதையும் சேர்த்தே எடுப்பார். ‘நானாக வரைந்தேன்’ என்று அவர் சொல்லும்போது அந்த நாட்ச் எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது.

‘நான்தானே காசு கொடுத்து வரையச் சொன்னேன், அப்போ பேட்டர்ன் எனக்குத்தானே?’ என்று குறும்படக்காரர்கள் கேட்பார்கள். இல்லை. காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்று சட்டம் சொல்வது புகைப்படம், பெயிண்டிங், உருவப்படம், செதுக்குப்படம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்குத்தான். பேட்டர்ன் வரைபடம் அந்தப் பட்டியலில் இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைந்தால் முதலாளிக்குப் போகும். நீங்கள் சொந்தக் கடை. எழுத்தில் கொடுக்காதவரை உங்களுடையதுதான்.

சரி, விலைக்கு வருவோம். உடையை விற்பது, பேட்டர்னைப் பயன்படுத்த அனுமதிப்பது, பேட்டர்னையே விற்றுவிடுவது என்று மூன்று வியாபாரம் இதில் இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் கிரயம் செய்து கொடுப்பதும் ஒன்றா? வாடகைக் கடைக்காரர் குத்தகைப் பணத்தைக் காட்டிக் கிரயம் கேட்கிறார்.

ஜாமாவை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். படம் பார்த்து அளவு கணக்கிட, வரைய, காடாத் துணியில் தைத்துப் பார்த்துத் திருத்த, மூன்று சைஸுக்குப் பிரிக்க 40 மணி நேரம் என்று வைப்போம். மணிக்கு 150 ரூபாய் கூலி என்றால் 6,000. காடா, தாள், பிரிண்ட் 1,000. பேட்டர்னின் அடக்கம் 7,000. நம் பெண்கள் இந்த 40 மணி நேரத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ‘ராத்திரி சும்மா உட்கார்ந்து வரைந்ததுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் 5,000 ரூபாய் பெரிதாகத் தெரிகிறது.

உடையின் விலைக்குத் துணியும் ஜரிகையும் 2,200, தைக்க 12 மணி நேரத்துக்கு 1,800, கடை வாடகை, கரண்ட், மெஷின் பங்கு 400. மொத்தம் 4,400. பேட்டர்ன் அடக்கத்தை 14 உடைகளில் எடுத்துவிடலாம் என்று நினைத்தால் ஒன்றுக்கு 500, ஆக 4,900. மேலே 20 சதவீதம் லாபம் வைத்தால் 5,880. துணி, கூலி, செலவு போக ஓர் உடையில் உங்களுக்கு நிற்பது 1,480. வருடத்துக்கு 8 ஜாமா, இன்னும் மூன்று வருடத்துக்கு ஓடும் என்றால் 24 உடை. பேட்டர்னை அடியோடு விற்றுவிட்டால் நீங்கள் விடும் பணம் 35,520. ஜாமா ஒன்றுக்கு மட்டும் கிரய விலையின் அடிமட்டம் இது. பேட்டர்ன் அடக்கம் இதற்குள்ளேயே வந்துவிட்டது, மறுபடி கூட்ட வேண்டாம். தைக்கும் கூலியையும் இதில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் வேறு உடை தைக்கலாம். இந்தக் கணக்கில் பலவீனமான இடம் 8, 3, 14 என்ற எண்கள்தான். போன இரண்டு வருட பில் புத்தகத்தைப் பார்த்து அவற்றைப் போடுங்கள், ஆசையில் போடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கிரயம் பேசவே மாட்டேன். அனுமதி மட்டும் கொடுப்பேன்: ஜாமா ஒன்று தைத்தால் எனக்கு 500, முதல் 10-க்கான 5,000-ஐ முன்பணமாக வாங்கிக்கொள்வேன். அவர் இரண்டு பேட்டர்னுக்கும் சேர்த்துச் சொன்ன அதே தொகை, ஒரு பேட்டர்னில் 10 உடைக்கு. ஓர் உடையை அவர் ஒரு சீசனில் எத்தனை முறை வாடகைக்கு விடுவார் என்று கேட்டுப் பாருங்கள், 500 அவருக்கு அதிகமில்லை என்று தானாகத் தெரியும். அதைவிட நல்ல வழி, பேட்டர்னைக் கொடுக்காமல் உடையையே தைத்து விற்பது. சிப்பாய் தலைப்பாகையில் இது இன்னும் பொருந்தும். 1805 நவம்பரில் வந்த உடை உத்தரவில் சொன்ன புதுத் தலைப்பாகையும் அதிலிருந்த தோல் சின்னமும்தான் அடுத்த ஜூலையில் கோட்டைக்குள் ரத்தம் சிந்த வைத்தவற்றில் முக்கியமானவை. நாடகத்தில் எல்லார் கண்ணும் போகும் இடம் அது. தோல் துண்டு நம் ஊரில் பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் கழிவு விலைக்கே கிடைக்கும். வெளியூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை.

எது முடிவானாலும் எழுத்தில் இருக்கட்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 வருடம், எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதை அதன் போக்கில் விடாதீர்கள். எந்தப் பேட்டர்ன், எத்தனை உடை வரை, எவ்வளவு காலம், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, பிரதி எடுக்கக் கூடாது, முடிந்ததும் தாளைத் திருப்பித் தர வேண்டும், உங்கள் பெயரைப் போட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் அடக்கலாம். அவர் செய்யும் உடைகளும் உங்கள் 50 கணக்கில் சேரும் என்பதால் மாதாமாதம் எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்ற வரியை மறக்காதீர்கள். அடியோடு விற்றாலும், வரைந்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களிடமே இருக்கும்.

உள்ளூர் டெய்லர் விஷயம். தைத்த கோட்டைப் பார்த்தோ பிரித்தோ அவரே அளவெடுத்திருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். நான் வக்கீல் செலவு செய்ய மாட்டேன். தாளையே ஜெராக்ஸ் எடுத்திருந்தால் விஷயம் வேறு. பதிப்புரிமை வழக்கை நீங்கள் இருக்கும் ஊரிலேயே, அதாவது வேலூர் நீதிமன்றத்திலேயே போடலாம் என்ற வசதி சட்டத்தில் உண்டு. அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள், பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். போலீஸ் புகார் வரை போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்று பிரிவு 63 சொல்கிறது. ஆனால் பக்கத்துத் தெருக்காரர் மேல் அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் அவர் தைத்த கோட்டு ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பி, உங்கள் தாளை மேலே வைத்துப் பாருங்கள். கைத் துண்டும் முதுகுத் துண்டும் ஓரத்துக்கு ஓரம் உட்கார்ந்தால் படம் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.